வீட்டுக்கு வந்த வின்டேஜ் போர்ட்: பயனுள்ள குறிப்புகள்

வெளிநாட்டிலிருந்து வரும் உறவினர் பரிசாகக் கொடுத்ததோ, விமான நிலையக் கடையில் ஆசைப்பட்டு வாங்கியதோ, வின்டேஜ் போர்ட் பாட்டில் பல வீடுகளில் ஷோகேஸில் நின்றபடியே கெட்டுப்போகிறது. போர்ச்சுகலில் இதைச் செய்பவர்கள் மரப் பீப்பாயில் இரண்டு ஆண்டு வைத்திருந்துவிட்டு பாட்டிலில் அடைத்து அனுப்பிவிடுகிறார்கள். அதன் பிறகு இருபது, முப்பது ஆண்டுகள் அது முதிர்வது வாங்கியவரின் வீட்டில்தான். ஆகவே இந்த ஒயின் நன்றாக வருவதில் பாதிப் பொறுப்பு வீட்டுக்காரருடையது. வாங்குவது முதல் பரிமாறுவது வரை கவனிக்க வேண்டியவை இவை.

1. எதைச் செய்வதற்கும் முன் லேபிளைப் படியுங்கள். ஆண்டு அச்சிட்டிருந்தால் அது வின்டேஜ் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். அப்படி இல்லை. ஆண்டு போட்டு வரும் போர்ட் மூன்று வகை. ‘வின்டேஜ்’ என்று மட்டும் இருந்தால், அறுவடைக்குப் பின் இரண்டாவது அல்லது மூன்றாவது ஆண்டில், வடிகட்டாமல் பாட்டிலில் அடைத்தது; நீண்ட காலம் வைத்திருக்க வேண்டியது. ‘லேட் பாட்டில்டு வின்டேஜ்’, சுருக்கமாக எல்.பி.வி., நான்கு முதல் ஆறு ஆண்டுகள் பீப்பாயில் இருந்துவிட்டு வந்தது. பெரும்பாலும் வாங்கிய அன்றே குடிக்கலாம். ‘கொல்யெய்ட்டா’ என்று இருந்தால், ஒரே ஆண்டு திராட்சையை ஏழு ஆண்டுகளுக்குக் குறையாமல் பீப்பாயிலேயே பழுக்க வைத்த டானி வகை. இதை வீட்டில் வைத்து முதிர வைப்பதில் பயனில்லை. முதிர்ச்சி பீப்பாயிலேயே முடிந்துவிட்டது. ஆண்டு இல்லாமல் 10, 20, 30, 40 என்று எண் போட்டிருந்தால் அதுவும் டானிதான். அந்த எண் பல ஆண்டு ஒயின்களைக் கலந்து எட்டிய முதிர்ச்சியைக் குறிக்கும்.

2. மூடியைப் பாருங்கள். கையால் திருகி எடுக்கும் பிளாஸ்டிக் தலை வைத்த தக்கை என்றால் உடனே குடிக்க வேண்டிய வகை. முழுத் தக்கையை உள்ளே அடித்து இறக்கியிருந்தால் பாட்டிலுக்குள் முதிர வேண்டியது. வடிகட்டாத எல்.பி.வி.யிலும் இப்படி முழுத் தக்கை வருவதுண்டு.

3. கழுத்தில் எண்ணுள்ள ஒரு காகிதப் பட்டை ஒட்டியிருக்கும். டோரு மற்றும் போர்ட்டோ ஒயின்களைக் கண்காணிக்கும் போர்ச்சுகல் அரசு அமைப்பு தரும் உத்தரவாத முத்திரை அது. சமீப காலத்துப் பாட்டிலில் அது இல்லையென்றால் வாங்காதீர்கள்.

4. வட போர்ச்சுகலின் டோரு ஆற்றுப் பள்ளத்தாக்கில் விளையும் திராட்சையில் செய்தது மட்டுமே உண்மையான போர்ட். பொம்பால் பிரபு 1756-இல் அந்தப் பகுதிக்கு எல்லை வகுத்து, கருங்கல் தூண்கள் நட்டு வைத்தார். உலகில் முதன்முதலில் எல்லை குறித்துச் சட்டம் போட்ட ஒயின் பகுதிகளில் ஒன்று அது. கோவாவிலும் இந்தியாவின் பிற இடங்களிலும் ‘போர்ட் ஒயின்’ என்ற பெயரில் விற்கும் இனிப்பு ஒயின் வேறு. அதை வாங்கி வைத்துக்கொண்டு இருபது ஆண்டு காத்திருக்க வேண்டாம்.

5. இனிப்பும் காரமும் எங்கிருந்து வருகின்றன என்று தெரிந்துகொண்டால் அளவும் தானே புரியும். பறித்த திராட்சையைக் கருங்கல் தொட்டிகளில் கொட்டி, வரிசையாகத் தோள் சேர்த்து நின்று காலால் மிதிக்கிறார்கள். இயந்திரங்கள் வந்த பிறகும், பல நல்ல நிறுவனங்கள் வின்டேஜுக்குக் கால் மிதியை இன்னும் கைவிடவில்லை. கால் தோலைக் கசக்கும், விதையை உடைக்காது. அதனால் நிறமும் துவர்ப்பும் இறங்கும், கசப்பு இறங்காது. சாறு நொதித்துப் பாதி சர்க்கரை கரையும் நேரத்தில், 77 சதவீத ஆல்கஹால் உள்ள திராட்சைச் சாராயத்தைச் சேர்ப்பார்கள். 435 லிட்டர் ஒயினுக்குச் சுமார் 115 லிட்டர் என்பது பழைய கணக்கு. நொதித்தல் நின்றுவிடும், மிச்சச் சர்க்கரை அப்படியே தங்கிவிடும். கடைசியில் கிடைப்பது 20 சதவீத ஆல்கஹாலும், லிட்டருக்கு ஏறத்தாழ 100 கிராம் சர்க்கரையும் உள்ள பானம். சாதாரண ஒயின் போலக் கோப்பை நிறைய ஊற்றக் கூடாது. ஒருவருக்கு 70 மில்லி போதும். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு இது ஏற்றதல்ல என்பதைப் பரிமாறுமுன் சொல்லிவிடுங்கள்.

6. போர்ட் செய்யும் நிறுவனங்களை ‘வீடு’ என்றே அழைப்பார்கள். பெயர்கள் ஏராளம் என்று மலைக்க வேண்டாம். குடும்பம் குடும்பமாக நினைவில் வையுங்கள். சிமிங்டன் குடும்பத்தின் கீழ் கிரஹாம்ஸ், டவ்ஸ், வார்ஸ், கோபர்ன்ஸ். ஃப்ளாட்கேட் கூட்டு நிறுவனத்தின் கீழ் டெய்லர்ஸ், ஃபொன்சேகா, கிராஃப்ட். போர்ச்சுகலின் பெரிய ஒயின் நிறுவனமான சொக்ராப்பிடம் ஃபெரெய்ராவும், கறுப்பு மேலங்கி போட்ட மனிதனைச் சின்னமாகக் கொண்ட சாண்ட்மேனும். இந்த மூன்றிலும் சேராதவற்றில் நீபோர்ட்டும் கின்டா டு நொவாலும் முக்கியம். போர்ட் வீடுகளிலேயே கோப்கே (1638) மிகப் பழையது. அதைத் தொடங்கியவர் ஜெர்மனியிலிருந்து வந்தவர். ஆங்கிலேயர் தொடங்கியவற்றில் வார்ஸ் (1670), டெய்லர்ஸ் (1692) மூத்தவை. ஆங்கிலப் பெயர்கள் இத்தனை இருப்பதற்குக் காரணம், பிரான்சுடன் நடந்த போர்களால் பிரெஞ்சு ஒயின் கிடைக்காமல் ஆங்கில வியாபாரிகள் போர்ச்சுகலுக்குத் திரும்பியதுதான். 1703-இல் கையெழுத்தான மெதுவென் ஒப்பந்தம் போர்ச்சுகல் ஒயினுக்கு வரியைக் குறைத்து, அந்த வியாபாரத்தை இன்னும் பெருக்கியது.

7. சுவையில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கைமணம் உண்டு. டெய்லர்ஸ் இறுக்கமானது, இளமையில் முரட்டுத்தனமானது, மிக நீண்ட காலம் நிற்கும். கிரஹாம்ஸ் சற்றே கூடுதல் இனிப்பு, நிறைந்த பழச்சுவை. டவ்ஸ் இனிப்பு குறைந்தது. இனிப்பு அதிகம் பிடிக்காதவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். ஃபொன்சேகாவில் பழம் பொங்கி வழியும். வார்ஸ் மென்மையானது. நொவால் தோட்டத்தில் ஒட்டுப் போடாமல் சொந்த வேரிலேயே நிற்கும் கொடிகள் உள்ள ஒரு சிறு பகுதி இருக்கிறது. 19-ஆம் நூற்றாண்டில் ஃபிலாக்சரா என்ற வேர்ப்பூச்சி ஐரோப்பா முழுவதும் திராட்சைக் கொடிகளை அழித்த பிறகு, அப்படிப்பட்ட கொடிகள் அபூர்வம். அந்தப் பகுதியிலிருந்து வரும் ‘நாசியொனால்’ பாட்டில்களின் விலை நம் குறிப்புகளுக்கு அப்பாற்பட்டது.

8. போர்ட் என்றால் ஆங்கிலேயர் சொத்து என்று எண்ணிவிட வேண்டாம். ஃபெரெய்ரா 1751 முதல் போர்ச்சுகல் வீடு. 19-ஆம் நூற்றாண்டில் அதை நடத்திய டோனா அன்டோனியா (1811–1896) இளம் வயதில் கணவரை இழந்தவர். பூச்சியால் தோட்டங்கள் அழிந்த காலத்தில் நிலம் வாங்கி, கொடி நட்டு, ஊர் மக்களுக்கு வேலை கொடுத்தவர். 1861-இல் டோருவின் வலெய்ரா நீர்ச்சுழியில் படகு கவிழ்ந்தபோது, உடன் வந்த ஒயின் வியாபாரி பாரன் ஃபாரெஸ்டர் மூழ்கி இறந்தார். டோனா அன்டோனியா பிழைத்தார். அவருடைய அகன்ற பாவாடை காற்றில் உப்பி மிதக்க வைத்தது என்றும், ஃபாரெஸ்டரை இடுப்பில் கட்டியிருந்த பணப்பை இழுத்துக்கொண்டது என்றும் ஊரில் கதை உண்டு. கடையில் எல்லாரும் கேட்கும் ஆங்கிலப் பெயர்களுக்கு நடுவே ஃபெரெய்ராவையும் ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

9. வின்டேஜ் போர்ட் எல்லா ஆண்டும் வராது. அறுவடையான இரண்டாவது வசந்தத்தில் ஒவ்வொரு வீடும் தன் ஒயினைச் சுவைத்துப் பார்த்து, தகுதி உண்டென்றால் ‘இது வின்டேஜ் ஆண்டு’ என்று அறிவிக்கும். பத்து ஆண்டுக்கு மூன்று முறை அமைந்தாலே பெரிது. 1945, 1963, 1977, 1994, 2011 ஆகியவை பெயர் பெற்றவை. 2016, 2017 என்று அடுத்தடுத்து இரண்டு ஆண்டுகளைப் பல வீடுகள் சேர்ந்து அறிவித்தது மிக அபூர்வம். அறிவிப்பில் வானிலைக்குப் பங்கு இருப்பதுபோல் சந்தைக்கும் பங்கு உண்டு. 1931 அருமையான ஆண்டு. ஆனால் பொருளாதார மந்தத்தால் விற்க முடியாமல் பெரும்பாலான வீடுகள் அறிவிக்கவில்லை. அறிவித்த சிலவற்றில் நொவால் இன்றும் பேசப்படுகிறது.

10. முதல்முறை வாங்குபவர்கள் பெரிய ஆண்டின் பெரிய பெயரைத் தேடி ஓட வேண்டாம். பொது அறிவிப்பு இல்லாத ஆண்டுகளில், தங்களிடம் உள்ள சிறந்த தோட்டத்தின் ஒயினை மட்டும் தனியாக வெளியிடுவார்கள். கின்டா என்றால் தோட்டம். டெய்லர்ஸின் கின்டா டி வர்ஜெல்லாஸ், கிரஹாம்ஸின் கின்டா டோஸ் மல்வேடோஸ், டவ்ஸின் கின்டா டு பொம்ஃபிம், வார்ஸின் கின்டா டா கவடின்யா ஆகியவை இந்த வகை. பெரிய வின்டேஜுக்கு முதுகெலும்பாக இருப்பதும் இதே தோட்டத்துத் திராட்சைதான். விலை குறைவு, முதிர்வதும் சீக்கிரம். கொடுக்கும் பணத்துக்கு இதைவிட நல்ல பேரம் போர்ட்டில் இல்லை என்பது என் உறுதியான எண்ணம்.

11. பழைய பாட்டில் வாங்கும்போது வெளிச்சத்துக்கு நேரே பிடித்து ஒயின் மட்டத்தைப் பாருங்கள். கழுத்தின் அடிப்பகுதி வரையாவது இருக்க வேண்டும். தோள்பட்டைக்குக் கீழே இறங்கியிருந்தாலும், மூடியைச் சுற்றிப் பிசுபிசுப்பாகக் கசிந்திருந்தாலும் விட்டுவிடுங்கள். 1963, 1966 போன்ற ஆண்டுப் பாட்டில்களில் லண்டன் வியாபாரியின் பெயர் இருந்தால் போலி என்று பயப்படத் தேவையில்லை. அப்போதெல்லாம் பீப்பாயாக அனுப்பி இங்கிலாந்தில் அடைக்கும் வழக்கம் இருந்தது.

12. படுக்க வைத்தே சேமியுங்கள். தக்கை ஈரமாக இருந்தால்தான் காற்றுப் புகாது. 12 முதல் 15 டிகிரி, இருட்டு, அசைவில்லாத இடம்: இவ்வளவுதான் தேவை. ஆனால் சென்னையிலோ மதுரையிலோ கோடையில் எந்த அலமாரியும் இதைத் தராது. பரண், சமையலறை மேல்தட்டு, ஃபிரிட்ஜின் தலை மூன்றும் மிக மோசமான இடங்கள். நீண்ட காலம் வைப்பதானால் ஒயினுக்கென்று உள்ள சிறு குளிர்ப்பெட்டி வேண்டும். அது இல்லையென்றால் வின்டேஜ் வாங்காமல் 20 ஆண்டு டானி வாங்குங்கள்; அது காத்திருக்கக் கேட்காது. பீப்பாய்களையே டோரு பள்ளத்தாக்கின் கோடை வெயிலில் வைக்காமல், வசந்தத்தில் ரபேலோ படகுகளில் ஏற்றி, கடற்காற்று வீசும் விலா நோவா டி கையாவுக்குக் கொண்டுவந்தார்கள் என்றால், வெப்பம் இந்த ஒயினை என்ன செய்யும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

13. பழைய பாட்டில்களின் பக்கவாட்டில் வெள்ளைச் சுண்ணாம்பு பூசியதுபோல் ஒரு தீற்றல் இருக்கும். அழுக்கென்று துடைத்துவிடாதீர்கள். பாட்டிலை எந்தப் பக்கம் மேலாகப் படுக்க வைத்திருந்தார்கள் என்பதற்கு அடையாளம் அது. உங்கள் வீட்டிலும் அந்தத் தீற்றல் மேலே இருக்கும்படியே படுக்க வையுங்கள். கீழ்ப் பக்கத்தில் படிந்த வண்டல் கலையாது. தீற்றல் இல்லாத புதுப் பாட்டிலுக்கு நீங்களே ஒரு சிறு ஸ்டிக்கர் ஒட்டலாம்.

14. அரை பாட்டில் சீக்கிரம் முதிரும், இரட்டைப் பாட்டில் மெதுவாக முதிரும். முழுப் பாட்டில் பொதுவாக 20 ஆண்டுக்கு மேல் நல்ல பதம். முதல் நான்கைந்து ஆண்டுகளிலும் பழச்சுவை துள்ள நன்றாகவே இருக்கும். இரண்டுக்கும் நடுவே பல ஆண்டுகள் ஊமைபோல் மூடிக்கொண்டு இருக்கும், அப்போது திறக்காதீர்கள்.

15. திறக்கப் போகும் நாளுக்கு முந்தைய நாளே பாட்டிலை நிமிர்த்தி வையுங்கள். நாற்பது ஆண்டு வயதானது என்றால் இரண்டு நாள். வண்டல் அடியில் இறங்க அவ்வளவு நேரம் வேண்டும்.

16. பழைய தக்கை திருகாணியில் பொடியும். இரண்டு மெல்லிய தகடுகளைத் தக்கையின் இருபுறமும் செருகித் திருப்பி எடுக்கும் திறப்பான் கிடைக்கிறது. அதை வாங்கி வையுங்கள். தக்கை உடைந்து உள்ளே விழுந்தாலும் பதற வேண்டாம், எப்படியும் வடிகட்டத்தான் போகிறோம். போர்ச்சுகலில் இடுக்கியைச் செந்தணலாகக் காய்ச்சி, கழுத்தைப் பிடித்து, ஈரத் துணி வைத்துக் கண்ணாடியையே துண்டாக்கி எடுப்பார்கள். பார்க்க அழகு, வீட்டில் முயல வேண்டாம்.

17. வடிப்பதுதான் இந்தக் குறிப்புகளிலேயே முக்கியமானது. அவசரமில்லாத ஒரு கால் மணி நேரம் ஒதுக்குங்கள். சுத்தமான, சோப்பு வாசனையில்லாத கண்ணாடிக் குடுவை ஒன்று. பாட்டிலின் கழுத்துக்குப் பின்னால், மேசைமேல் ஒரு மெழுகுவத்தி அல்லது கைபேசி விளக்கு. பாட்டிலைக் குலுக்காமல், மெல்லச் சாய்த்து, ஒரே சீராக ஊற்றிக்கொண்டே போங்கள். நடுவில் நிமிர்த்தினால் வண்டல் அலைபோல் திரும்பிப் புரண்டு முழு ஒயினிலும் கலந்துவிடும். கண் கழுத்தின்மேல் இருக்கட்டும். முக்கால் பாட்டில் வரை, விளக்கொளியில் ஒயின் மாணிக்கச் சிவப்பில் தெளிவாக ஓடும். பிறகு கழுத்தின் அடிப்புறத்தில் மெல்லிய புகை இழை ஒன்று ஊர்ந்து வரும். அதன் பின்னால் கருத்த துகள்கள் தெரியும். அந்த இழை வாயை எட்டும் முன் நிறுத்திவிடுங்கள். இரண்டு விரற்கடை ஒயின் அடியில் மீதமிருக்கும். அதை விட மனமில்லாதவர்கள், நனைத்துப் பிழிந்த மெல்லிய வெள்ளைத் துணியில் வடித்துத் தனியாக வைத்துக்கொள்ளலாம். குடுவையில் சேர்க்கக் கூடாது. இளம் வின்டேஜை இரண்டு மூன்று மணி நேரம் முன்பே வடியுங்கள். மிகப் பழையதை உட்காரும் நேரத்தில் வடித்தால் போதும்; காற்று அதன் மணத்தைச் சீக்கிரம் கொண்டுபோய்விடும்.

18. பரிமாறும் சூடு 16 முதல் 18 டிகிரி. நம் ஊர் அறைச் சூட்டில் ஊற்றினால் சாராய நெடிதான் முன்னால் வரும். வடித்த குடுவையை இருபது நிமிடம் ஃபிரிட்ஜில் வைத்து எடுங்கள். டானியை இன்னும் குளிர்வாகக் கொடுக்கலாம்.

19. மிகச் சின்ன மதுக் கிண்ணங்களில் ஊற்றாதீர்கள். வாய் குறுகி வயிறு அகன்ற ஒயின் கிண்ணத்தில் மூன்றில் ஒரு பங்கு ஊற்றினால்தான் மணம் தங்கும்.

20. ஆங்கிலேயர் மேசையில் குடுவை எப்போதும் இடப்பக்கமாகவே நகரும். யாராவது கைமாற்ற மறந்து வைத்துக்கொண்டிருந்தால், ‘நார்விச் பிஷப்பைத் தெரியுமா?’ என்று கேட்பது வழக்கம். அது நாசூக்கான நினைவூட்டல்.

21. காரமான சாப்பாட்டோடு வேண்டாம். சாப்பிட்டு முடித்து, வாய் கழுவி, சற்று நேரம் போன பிறகு எடுங்கள். நீல நரம்பு ஓடிய ஸ்டில்ட்டன் சீஸ், வால்நட், உலர்ந்த அத்திப்பழம், இனிப்புக் குறைந்த கறுப்புச் சாக்லேட் ஆகியவை இதற்கு நல்ல துணை. பால் இனிப்புகள் போர்ட்டின் இனிப்பை அடித்துவிடும்.

22. திறந்த பழைய வின்டேஜை அன்றைக்கே, தவறினால் மறுநாளே முடித்துவிடுங்கள். இளம் வின்டேஜ் மூன்று நான்கு நாள் தாங்கும். எல்.பி.வி. ஒரு வாரம். டானி ஃபிரிட்ஜில் ஒரு மாதம்கூட இருக்கும். ஒரு பாட்டிலில் பத்துப் பேருக்கு ஊற்றலாம் என்பதால், ஆள் கூடும் நாள் பார்த்துத் திறப்பதே சரி.

23. கேக்கில் உலர்பழம் ஊறவைக்கவும், இறைச்சிக் குழம்பைச் சுண்டவைக்கவும் ரூபி என்ற சாதாரணப் போர்ட் வகை போதும். வின்டேஜை அடுப்பில் ஏற்றாதீர்கள்.

24. போர்ச்சுகலுக்குப் போகிறவர்கள் கையாவில் உள்ள கிடங்குகளை மட்டும் பார்த்துத் திரும்பிவிடாதீர்கள். 1986 வரை ஏற்றுமதிக்கு வரும் போர்ட் அங்கிருந்தே போக வேண்டும் என்று சட்டம் இருந்ததால் பெரிய வீடுகள் எல்லாம் அங்கே வரிசையாக நிற்கின்றன. ஆனால் தோட்டம் அங்கே இல்லை. போர்ட்டோவிலிருந்து டோரு ரயிலில் ஏறி, வலப்பக்க ஜன்னல் ஓரம் உட்காருங்கள்; ஆறு அந்தப் பக்கம்தான் வரும். சுமார் இரண்டரை மணி நேரத்தில் பின்யாவ் நிலையம். சுவர் முழுக்க அறுவடைக் காட்சிகள் தீட்டிய நீல ஓடுகள். நடந்து போகும் தூரத்தில் டவ்ஸின் பொம்ஃபிம் தோட்டம். பாறையை உடைத்துப் படிப்படியாகக் கட்டிய அந்தச் சரிவுகளில் கொடியின் வேர் தண்ணீர் தேடிப் பலகைக்கல் பிளவுகளுக்குள் பல மீட்டர் ஆழம் இறங்குகிறது. செப்டம்பரில் போனால் அறுவடையைப் பார்க்கலாம்.

25. குழந்தை பிறந்த ஆண்டின் போர்ட்டை வாங்கி வைத்து, அது வளர்ந்து ஆளான பிறகு திறப்பது இங்கிலாந்தில் பழைய பழக்கம். அங்கே குடியேறிய நம்மவர்கள் சிலரும் இதைச் செய்கிறார்கள். 2011, 2016, 2017-இல் பிறந்தவர்களுக்குப் பெரிய வீடுகளின் வின்டேஜ் கிடைக்கும். நடுவில் உள்ள ஆண்டுகளுக்குத் தனித்தோட்ட வின்டேஜைத் தேடுங்கள். அதுவும் இல்லாத ஆண்டென்றால் கொல்யெய்ட்டா. ஒன்றாக வாங்காமல் மூன்றாக வாங்குங்கள்: ஒன்றை முன்கூட்டியே திறந்து பதம் பார்க்க, ஒன்று அந்த நாளுக்கு, ஒன்று தக்கை கெட்டுப்போனால் கைகொடுக்க. வாங்கிய ரசீதையும் மரப்பெட்டியையும் பத்திரப்படுத்துங்கள். பிற்காலத்தில் விற்க நேர்ந்தால், எங்கே எப்படி வைத்திருந்தீர்கள் என்பதைத்தான் ஏலக்காரர்கள் முதலில் கேட்பார்கள்.